கொசுவத்தி சுத்துறேன், நிஜமாவே கொசுவைப் பத்தி

தலைப்பைப் பார்த்துட்டு, "பய மறுபடியும் காலேஜ் கதையை ஆரம்பிச்சுட்டான்"னு ஓடிடாதீங்க மக்கா. பதிவுலகத்துல கொசுவத்தி சுத்துறதுன்னா பழைய நினைப்புக்குள்ள போறதுதான். ஆனா இன்னிக்கு நான் சுத்தப் போற சுருள் ரெண்டாயிரம் வருஷம் பின்னாடி போகும். அதுல அசல் கொசுவும் வரும், நம்பி வாங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன். பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப் எடுத்த அன்னிக்கே உயிரியலுக்குக் கும்பிடு போட்டாச்சு. கீழ எழுதியிருக்கறது எல்லாம் ராத்திரி முழிச்சு உக்காந்து படிச்சது. டாக்டருங்க யாராச்சும் வந்தா, தப்பு இருந்தா தலையில ஒரு குட்டு வெச்சுத் திருத்துங்க.

ஏன் முழிச்சு உக்காந்து படிச்சேன்னு மொதல்ல சொல்லிடறேன்.

எங்க அக்காவுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படை, சொந்த உடம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்கற வியாதி. மூட்டு, தோல், சிறுநீரகம்னு எங்க வேணும்னாலும் அடிக்கும். அவ தினமும் போடற மாத்திரை ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020 ஏப்ரல்ல ஊரே பூட்டிக் கெடந்தப்போ அந்த மாத்திரைக்காக ஆறு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன். கொரோனாவுக்கு அது கேக்கும்னு ஒரு பேச்சு கெளம்பி, ஆளாளுக்கு வாங்கி அலமாரியில பதுக்கிட்டாங்க. அஞ்சாவது கடைக்காரர் சீட்டைப் பார்த்துட்டு, "இது மலேரியா மாத்திரையாச்சே தம்பி, வீட்ல யாருக்கு மலேரியா?"ன்னு கேட்டார். இல்லண்ணே, லூபஸ்னு சொன்னேன். அவர் அந்தப் பேரை அன்னிக்குத்தான் கேள்விப்பட்டார்னு நெனக்கிறேன். ஆறாவது கடையில ஒரு அட்டை கெடைச்சது.

ரெண்டு வருஷம் கழிச்சு அக்காவுக்கு ஒரு வரன் வந்துச்சு. வியாதியை மறைக்கக் கூடாதுன்னு அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார். மாப்பிள்ளையோட அம்மா நல்ல மனுஷிதான், கோவமா ஒன்னும் பேசல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "இது ஜீன்ல இருக்கற வியாதியாங்க?" அப்பா என்னைப் பார்த்தார். வீட்ல இன்ஜினியரிங் படிச்சவன் நாந்தானே. நான் "கொஞ்சம் அப்படித்தான்... ஆனா..."ன்னு இழுத்தேன். அந்த "ஆனா"வுக்கு அப்புறம் சொல்ல எங்கிட்ட ஒன்னுமே இல்ல. மறுநாள் தரகர்கிட்ட இருந்து போன் வந்துச்சு. அவ்வளவுதான்.

அந்த "ஆனா"வுக்கு அப்புறம் என்ன சொல்லியிருக்கலாம்னு தேடினதுல கெடச்ச கதைதான் இது. நடக்கறது இத்தாலிக்குச் சொந்தமான சார்டினியா தீவுல. அக்காவோட வியாதிக்கு அந்தத் தீவுல கெடைச்ச காரணம்தான் காரணம்னு நான் சொல்ல வரல, அதை முன்னாடியே தெளிவா வெச்சுக்கறேன். ஆனா ஒரு ஜீன் மாற்றம் எங்க இருக்கு, என்ன பண்ணுது, எதுக்காக அந்த மக்கள்கிட்ட இவ்வளவு பெருகிச்சு, அதை வெச்சு வைத்தியம் பண்ண முடியுமான்னு நாலு கேள்விக்கும் ஓரளவு பதில் கெடைச்ச கதைங்க ரொம்பக் கம்மி. இது அதுல ஒன்னு.

சார்டினியா மத்தியதரைக் கடல்ல இருக்கு. சுமார் 24,000 சதுர கிலோமீட்டர், அதாவது நம்ம இலங்கையில மூணுல ஒரு பங்கை விடக் கொஞ்சம் பெருசு. நடுவுல மலை, ஓரத்துல சமவெளி, சதுப்பு நிலம். சதுப்புன்னா கொசு, கொசுன்னா மலேரியா. ரோமாபுரிக்காரங்க காலத்துலயே இந்தத் தீவுக்குக் கெட்ட பேரு. கி.பி. 19-ல திபேரியஸ் மன்னன் காலத்துல, யூத, எகிப்திய வழிபாட்டைச் சேர்ந்தவங்கன்னு சொல்லி நாலாயிரம் பேரை இங்க அனுப்பினாங்க. அந்த ஊர்க் காத்து ஒத்துக்காம அவங்க செத்துப் போனா பெரிய நட்டம் ஒன்னும் இல்லைங்கற நெனப்போட அனுப்பினாங்கன்னு டாசிட்டஸ் எழுதி வெச்சிருக்கார். மலேரியாங்கற சொல்லுக்கே இத்தாலிய மொழியில கெட்ட காத்துன்னுதான் அர்த்தம். குத்தம் காத்து மேல இல்ல, கொசு மேலதான்னு தெரிய 1897 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. அந்த வருஷம் செகந்திராபாத்துல ரொனால்ட் ராஸ் கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்தார். மனுஷனுக்கு அதைக் கொண்டு வர்றது அனாஃபிலிஸ் கொசுதான்னு அடுத்த வருஷம் இத்தாலியில கிராஸி குழு நிரூபிச்சது. யாருக்குப் பேர் சேரணும்னு ரெண்டு பேரும் போட்ட சண்டை தனிப் பதிவுக்குத் தாங்கும் :-)

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட, ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் சார்டினியாவை ஒரு பெரிய சோதனைக் களமா எடுத்துக்குச்சு. 1946-லிருந்து 1950 வரைக்கும் தீவு முழுக்க டி.டி.டி அடிச்சாங்க. வீடு, மாட்டுக் கொட்டகை, பாலத்துக்கு அடி, ஓடை, குட்டை, ஒன்னு விடல. 250 டன்னுக்கு மேல டி.டி.டி. அடிச்ச வீட்டுச் சுவத்துல அடையாளத்துக்கு எழுதி வெச்சுட்டுப் போவாங்க. அவங்க குறி மலேரியா கூட இல்ல, அந்தக் கொசு இனத்தையே தீவுல ஒன்னு விடாம ஒழிக்கறது. அதுல படு தோல்வி. அனாஃபிலிஸ் லாப்ராங்கியே அங்க தப்பிச்சுப் பொழச்சுக்குச்சு. ஆனா வேடிக்கை பாருங்க, 1946-ல எழுபதாயிரத்துக்கு மேல இருந்த மலேரியா நோயாளிங்க எண்ணிக்கை நாலஞ்சு வருஷத்துல விரல் விட்டு எண்ணற அளவுக்கு இறங்கிடுச்சு. வைச்ச குறி தப்பி, வேண்டிய வேலை முடிஞ்சுது. நம்ம ப்ராஜெக்ட்லயும் சில ரிலீஸ் இப்படித்தான் போகும்.

ஆக, நூத்துக்கணக்கான தலைமுறையா ஒரு ஜனத்தை வாட்டின நோய் ஒரே தலைமுறையில காணாமப் போச்சு. நோய்தான் போச்சே தவிர, அது அந்த ஜனங்க ரத்தத்துல விட்டுட்டுப் போன தடம் அங்கேயே இருந்துச்சு.

அந்தத் தடத்தைப் பத்தி மொதல்ல யோசிச்சவங்கள்ல ஒருத்தர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாடி 1957-ல இங்கிலாந்தே வேண்டாம்னு நம்ம நாட்டுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல புவனேஸ்வர்ல கண்ணை மூடினாரே, அதே ஹால்டேன்தான். 1940-கள் கடைசியில அவர் ஒரு கேள்வி கேட்டார். தலசீமியாங்கற ரத்த நோய், ரெண்டு பிரதியும் கெட்டுப் போனா குழந்தையைக் கொன்னுடும். அப்படி ஒரு ஜீன் மத்தியதரைக் கடல் ஓரத்துல மட்டும் ஏன் இவ்வளவு பேர்கிட்ட இருக்கு? தொலைஞ்சு போயிருக்கணுமே? அவரோட ஊகம், ஒரே ஒரு பிரதி வெச்சிருக்கறவங்களை அது மலேரியாவுலருந்து காப்பாத்தியிருக்கும்ங்கறது.

ஊகத்தைச் சோதிக்க சார்டினியாவை விட நல்ல எடம் கெடைக்காது. 1950-கள்ல கர்காசி, செப்பெல்லினி, பித்சூஸ்னு மூணு பேர் அங்க நாலு கிராமம் எடுத்தாங்க. ரெண்டு மலை மேல, ரெண்டு கடலோரச் சமவெளியில. மலை ஊர்ல மலேரியா கம்மி, கீழ அதிகம். தலசீமியா ஜீனும் அதே மாதிரி, கீழ ஏகத்துக்கு அதிகம், மேல கம்மி. 1961-ல சினிஸ்கால்கோ குழு அவரைக்காய் ஜாதியைச் சேர்ந்த ஒரு வகைக் கொட்டையைத் தின்னா ரத்தம் உடையற ஜி6பிடி குறைபாட்டுக்கும் சார்டினியாவுல இதே கணக்கைக் காட்டுச்சு. இந்த செப்பெல்லினி பேரை ஞாபகம் வெச்சுக்கங்க. சேர்ந்தே பரம்பரையா வர்ற ஜீன் தொகுப்புக்கு 1967-ல "ஹாப்லோடைப்"னு பேர் வெச்சவர் அவர்தான். அந்தச் சொல் இல்லாம இன்னிக்கு நோய் எதிர்ப்பு மரபியல்ல ஒரு பக்கம் கூட எழுத முடியாது.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ரத்தச் சிவப்பணு கதை. இனிமேதான் நம்ம கதை.

மலேரியா போனதுக்கு அப்புறம் சார்டினியா டாக்டர்கள் வேற ஒன்னைக் கவனிச்சாங்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமா எம்.எஸ்.), நரம்பு மேல இருக்கற உறையை உடம்பே கடிச்சுத் தின்னற வியாதி. பொதுவா இது வடக்கே போகப் போக அதிகம், தெக்கே கம்மி. சார்டினியா மட்டும் இந்த விதிக்கு அடங்கல. வெயில் காயற தெக்கத்தித் தீவு, ஆனா லட்சம் பேருக்கு 300-க்கு மேல எம்.எஸ். நோயாளிகள். உலகத்துலயே ரொம்ப உசந்த கணக்குல அதுவும் ஒன்னு. சின்ன வயசு சர்க்கரை நோய்லயும் அப்படித்தான். ஃபின்லாந்துக்கு அடுத்தபடியா சார்டினியா. ரெண்டுமே அக்காவோட லூபஸ் மாதிரி, படை திரும்பி நம்மளையே அடிக்கற ரகம்.

படை சொந்த ஆளை அடிக்குமான்னு டாக்டர்களே ரொம்ப காலம் நம்பல. 1900-களோட ஆரம்பத்துல பவுல் எர்லிஹ், உடம்பு தன்னைத் தானே விஷமாக்கிக்கறதுக்கு அஞ்சும்னு எழுதினார். அவர் எவ்வளவு பெரிய ஆள்னா, அதுக்கு மாறா ஆதாரம் வந்தும் அரை நூற்றாண்டு யாரும் பெருசா எடுத்துக்கல. 1956-ல தைராய்டு விஷயத்துல லண்டன்லயும் அமெரிக்காவுலயும் தனித்தனியா நிரூபிச்சதுக்கு அப்புறம்தான் மருத்துவ உலகம் தலையாட்டுச்சு. 1970-கள்ல எச்.எல்.ஏ ஜீன்களுக்கும் இந்த வியாதிகளுக்கும் இருக்கற தொடர்பு தெரிய வந்துச்சு. முதுகெலும்பு எறுகிப் போற நோய்க்கும் பி27-க்கும் உள்ள ஒட்டுறவை 1973-ல ரெண்டு குழு ஒரே சமயத்துல கண்டுபிடிச்ச கதை சூப்பரா இருக்கும், இங்க ஆரம்பிச்சா முடியாது.

அப்புறம் 2007. இங்கிலாந்துல ஏழு வியாதி, ஒவ்வொன்னுக்கும் சுமார் 2,000 நோயாளிகள், பொதுவா ஒப்பிட 3,000 பேர். எல்லார் டி.என்.ஏ-விலயும் லட்சக்கணக்கான எடத்துல எழுத்து மாறியிருக்கான்னு ஒட்டுக்கா தேடினாங்க. எம்.எஸ்., லூபஸ்னு மத்த வியாதிகளுக்கும் உலகம் முழுக்க இதே மாதிரி தேடல் நடந்துச்சு. வண்டி வண்டியா எடங்க கெடைச்சது. எல்லாரும் குஷி. கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு சங்கடம். கெடைச்ச எடத்துல பெரும்பாலானது ஜீனோட உள்ளயே இல்ல! புரதம் எப்படி இருக்கணும்னு எழுதியிருக்கற பகுதியைத் தொடவே இல்ல. படை நம்மளையே அடிக்கற வியாதிகளுக்கு மட்டும் 2015-ல ஒரு குழு கணக்குப் போட்டுப் பார்த்துச்சு. காரணமா இருக்கக் கூடிய மாற்றங்கள்ல சுமார் 90 சதவீதம் இப்படி வெளியே கெடக்குது. அதுல பாதிக்கு மேல, நோய் எதிர்ப்பு செல்கள்ல ஜீனை ஏத்தி இறக்கற பொத்தான் மாதிரியான பகுதியில.

எனக்கு இங்கதான் பொறி தட்டுச்சு. நம்ம பாஷையில சொன்னா, கோடுல பக் இல்ல. ஃபங்ஷன் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது. கான்ஃபிக் ஃபைல்ல ஒரு எண்ணு மட்டும் ஆளுக்கு ஆள் வேற. ஒருத்தர் உடம்பு அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கூடச் செய்யும், இன்னொருத்தர் உடம்பு கொஞ்சம் கொறைச்சுச் செய்யும். "கெட்டுப் போன ஜீன்"னு மாப்பிள்ளை வீட்டம்மா மனசுல நெனச்சாங்களே, அப்படி ஒன்னு பெரும்பாலும் இல்லவே இல்ல. இருக்கறது அளவு வித்தியாசம்.

ஆனா இதைக் கையில புடிச்சுக் காட்டறது லேசு இல்ல. எந்த எழுத்து, எந்த ஜீனை, எந்த செல்லுல, எவ்வளவு ஏத்துது? இதைக் கண்டுபிடிக்க நோயாளிங்க மட்டும் பத்தாது. சும்மா நல்லா இருக்கற ஊர் ஜனங்க ரத்தத்தையும் ஆயிரக்கணக்குல அளந்து வெச்சிருக்கணும்.

சார்டினியாவுல அப்படி அளந்து வெச்சிருந்தாங்க. கிழக்குப் பக்க மலையடிவாரத்துல லனுசெய், அர்ட்சானா, இல்போனோ, எலினின்னு நாலு ஊர். 2001-ல ஜுசெப்பே பிலியாங்கற மரபியல்காரர், அமெரிக்க முதுமை ஆய்வு நிறுவனத்தோட சேர்ந்து அங்க ஒரு ஆய்வு தொடங்கினார். மொதல் சுத்துலயே 6,148 பேர் சேர்ந்தாங்க. சேரத் தகுதி உள்ளவங்கள்ல பாதிக்கு மேல. ஒரு ஊர்ல பாதி ஜனம் தானா வந்து கையை நீட்டி ரத்தம் குடுக்கறதுன்னா யோசிச்சுப் பாருங்க. நம்ம தெருவுல மக்கள்தொகைக் கணக்கெடுக்க வர்றவங்களுக்கே கதவைத் தொறக்க மாட்டாங்க. பிலியா 2005-ல எறந்துட்டார். வேலையை ஃபிரான்செஸ்கோ குக்கா தொடர்ந்தார். 2013-ல அவங்க குழு 1,629 பேரோட ரத்தத்துல 272 விதமான நோய் எதிர்ப்பு செல் அளவுகளை எண்ணி, ஒவ்வொன்னும் எந்த ஜீன் எடத்தோட சேர்ந்து ஏறி இறங்குதுன்னு ஒரு பட்டியல் போட்டாங்க.

2017 ஏப்ரல்ல வந்துச்சு பெரிய கட்டுரை. எம்.எஸ்., லூபஸ் ரெண்டுக்கும் பொதுவா ஒரு எடம் மாட்டுச்சு. 13-ஆம் குரோமோசோம்ல பாஃப் அப்படிங்கற புரதத்துக்கான ஜீன். 1999-ல கண்டுபிடிச்ச புரதம் அது. ரத்தத்துல இருக்கற பி செல்களுக்குச் சோறு மாதிரி. ஆன்டிபாடி தயாரிக்கறது இந்த பி செல்கள்தான். பாஃப் இருந்தாத்தான் அதுங்க உயிரோட இருக்கும். கம்மியானா பி செல்கள் சாகும். அதிகமானா சாக வேண்டியதும் சாகாம சுத்திக்கிட்டு இருக்கும், சொந்த உடம்பைக் குறி வைக்கற பி செல்கள் உட்பட.

அந்த ஜீன்ல நடந்த மாற்றம் இதுதான். ஜி-சி-டி-ஜி-டி அப்படிங்கற அஞ்சு எழுத்து போய், அந்த எடத்துல ஒத்தை "ஏ". எங்க? புரதத்துக்கான வாசகம் முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற வால் பகுதியில.

வால்ல என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்ப்போம், இதுதான் கதையோட மையம். ஜீன்ல இருந்து மொதல்ல ஒரு ஆர்.என்.ஏ நகல் எடுக்கப்படும். நகலைப் படிச்சுப் புரதம் செய்யப்படும். நகலோட வால்ல புரதத்துக்கான சேதி கெடையாது, ஆனா குட்டிக் குட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ வந்து ஒக்கார எடம் இருக்கு. அது ஒக்காந்தா "போதும்ப்பா, நிறுத்து"ன்னு அர்த்தம், புரத உற்பத்தி கொறையும். (1993-ல ஒரு பொடிப் புழுவுல மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டுபிடிச்ச ஆம்ப்ரோஸ், ரவ்கன் ரெண்டு பேருக்கும் 2024-ல நோபல் குடுத்தாங்க.) சார்டினியாக்காரங்களோட அந்தப் புது "ஏ" வந்து சேர்ந்ததுல, "இங்க வெட்டு"ங்கற அடையாளம் வாலுக்கு நடுவுலயே தோணிடுச்சு. செல் அதை நம்பி நகலைச் சீக்கிரமே வெட்டிடுது. வெட்டுப்பட்டுப் போன துண்டுலதான் மைக்ரோ ஆர்.என்.ஏ ஒக்கார நாற்காலி இருந்துச்சு. "போதும்"னு சொல்ல வந்தவனுக்கு ஒக்கார எடம் இல்ல. பாஃப் கூடுதலா உற்பத்தியாகி ரத்தத்துல கலக்குது, பி செல் எண்ணிக்கை கூடுது, ஆன்டிபாடி கூடுது.

பாஃப் புரதத்துல ஒரு குறையும் இல்லைங்கறதைக் கவனிச்சீங்களா? உங்க எனக்கு இருக்கற அதே பாஃப்தான். கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இந்த "ஏ" சார்டினியாவுல எவ்வளவு? அங்க இருக்கற பிரதிகள்ல கிட்டத்தட்ட நாலுல ஒன்னு. வடக்கு ஐரோப்பாவுல 100-க்கு ரெண்டு தேறினாப் பெருசு. அதனாலதான் லண்டன்லயும் ஸ்டாக்ஹோம்லயும் நோயாளிகளை ஆயிரக்கணக்குல தேடினவங்க கண்ணுல இது படல. இப்போ ஒரு கணக்குப் போடுங்க. ஆளுக்கு ரெண்டு பிரதி, நாலுல ஒன்னு "ஏ"ன்னா, ஒன்னாவது வெச்சிருக்கறவங்க நூத்துக்கு நாப்பத்தி நாலு பேர். தீவுல கிட்டத்தட்ட பாதி ஜனம்! எம்.எஸ். வர்றது லட்சத்துல சில நூறு பேருக்கு. லூபஸ் அதை விடக் கம்மி. பாதி ஊர் அந்த எழுத்தைச் சுமந்துக்கிட்டு ஆட்டுப்பால் சீஸைத் தின்னுட்டு நிம்மதியா எம்பது வயசு வரைக்கும் வாழுது. எழுத்து ரிஸ்க்கை லேசா ஏத்துது, அவ்வளவுதான். ஒரே கருவுல பொறந்த இரட்டையர்கள்ல ஒருத்தருக்கு எம்.எஸ். வந்தா இன்னொருத்தருக்கும் வர்றதே நாலுல ஒரு தடவைதான். டி.என்.ஏ முழுக்க ஒன்னா இருந்தும்!

சரி, நோயை வரவழைக்கற எழுத்து ஒன்னு ஒரு தீவுல பாதிப் பேர்கிட்ட எப்படிப் போய்ச் சேரும்? ஹால்டேன் கேட்ட அதே கேள்வி, அறுபது எழுபது வருஷம் கழிச்சு. கட்டுரை எழுதினவங்க, இந்த மாற்றம் தற்செயலாப் பெருகல, இயற்கைத் தேர்வு இழுத்துட்டு வந்திருக்குங்கறதுக்கான தடயங்களைக் காட்டினாங்க. காரணம் மலேரியாவாத்தான் இருக்கணும்னு அவங்க கணிப்பு. நிரூபணம்னு சொல்ல முடியாது, ஆனா பொருந்தி வருது. மலேரியாவை அடக்கறதுல ஆன்டிபாடிக்குப் பங்கு உண்டுன்னு 1961-லயே காம்பியாவுல தெரிஞ்சுது. மலேரியாவைத் தாண்டி வந்த பெரியவங்க ரத்தத்துலருந்து ஆன்டிபாடியைப் பிரிச்சு, நோய்ப்பட்ட குழந்தைங்களுக்கு ஊசியாப் போட்டாங்க. கிருமி எண்ணிக்கை சரசரன்னு இறங்குச்சு. எலியில பாஃப் அதிகமா சுரக்கற மாதிரி பண்ணினா, கொல்லற ரக மலேரியாவுலருந்து அது பொழைக்குதுன்னும் சோதனையில வந்திருக்கு.

ஆக, ஒரு காலத்துல சமவெளியில அஞ்சு குழந்தை பெத்து மூணைப் பறிகொடுத்த யாரோ ஒரு தாயோட வீட்ல, மிச்சம் ரெண்டைப் பொழைக்க வெச்ச எழுத்தா இது இருந்திருக்கலாம். ப்ரொடக்‌ஷன்ல அவசரத்துக்குப் போட்ட ஹாட்ஃபிக்ஸ் மாதிரி. 1950-ல பிரச்சனை போயிடுச்சு. ஹாட்ஃபிக்ஸை யாரும் திரும்ப எடுக்கல, எடுக்கவும் முடியாது.

வைத்தியத்துக்கு வருவோம். பாஃப் அதிகம்தான் பிரச்சனைன்னா அதை அடக்கினாச் சரியாப் போச்சே? லூபஸ்ல அது ஓரளவு வேலை செய்யுது. பாஃபைப் புடிச்சு முடக்கற பெலிமுமாப் மருந்துக்கு 2011 மார்ச்ல அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு. லூபஸுக்குன்னு அம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு வந்த மொதல் புது மருந்து. இந்த சார்டினியா எழுத்து தெரியறதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே அது வந்துடுச்சு. மருந்து முன்னாடி, காரணம் பின்னாடி.

எம்.எஸ்-ல கதை கந்தல். பாஃபையும் அதோட பங்காளிப் புரதம் ஒன்னையும் சேர்த்து முடக்கற அட்டாசிசெப்ட் மருந்தை எம்.எஸ். நோயாளிகளுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. நோய் கொறையறதுக்குப் பதிலா கூடுச்சு. 2009-ல சோதனையை நடுவுலயே நிறுத்திட்டாங்க. ஆனா பி செல்களையே நேரா அழிக்கற ஓக்ரெலிசுமாப் எம்.எஸ்-க்கு நல்லாக் கேக்குது, 2017 மார்ச்ல அனுமதி வாங்குச்சு. ஏத்தினது தப்புன்னா இறக்கினா சரியாகும்ங்கற நம்ம இன்ஜினியர் புத்தி உடம்புகிட்ட எடுபடல. இந்தப் பத்தியைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்கு டாக்டர்கள் மேல இருந்த கோவம் கொஞ்சம் கொறைஞ்சுது. அக்காவுக்கு வியாதி என்னன்னு கண்டுபிடிக்கவே ஒன்றரை வருஷம் அலைக்கழிச்சவங்க மேல மட்டும் இன்னும் கொறையல, அது வேற.

அப்புறம் அந்த மெடிக்கல் ஷாப் அண்ணன் கேட்ட கேள்வி. மலேரியா மாத்திரை லூபஸுக்கு எப்படிங்க? இதுக்கும் பாஃபுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. மலேரியா மருந்தான மெபாக்ரினை லூபஸ் நோயாளிகளுக்குக் குடுத்துத் தோல் புண் ஆறினதை 1951-ல பேஜ்ங்கற லண்டன் டாக்டர் எழுதினார். அந்த வரிசையில 1955-ல வந்ததுதான் அக்காவோட ஹைட்ராக்சிகுளோரோகுயின். சார்டினியாவுல டி.டி.டி அடிச்சு முடிச்ச அடுத்த வருஷம்தான் பேஜோட கட்டுரை வந்திருக்கு. சும்மா ஒரு ஒற்றுமை, அதுக்கு மேல நான் ஜல்லி அடிக்க விரும்பல.

போன வாரம் அக்கா இந்தப் பதிவோட வரைவைப் படிச்சா. பாஃப் பத்தியை ரெண்டு தடவை படிச்சுட்டு, "எனக்கு அந்த 'ஏ' இருக்குமாடா?"ன்னு கேட்டா.

"தெரியாதுக்கா. யாரும் பார்த்ததில்ல. லூபஸுக்கு மட்டும் நூறுக்கு மேல எடம் கண்டுபிடிச்சிருக்காங்க. உனக்கு எது எதுன்னு சொல்ல முடியாது."

"அப்போ அன்னிக்கு அந்த அம்மா கேட்டப்போ நீ இதைத்தான் சொல்லியிருக்கணும்."

"இவ்வளவு நீளமாவா?"

"அவங்க பஜ்ஜி சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் ஆச்சுடா, தாராளமா சொல்லியிருக்கலாம்"னா. அப்புறம் மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்துட்டு, நாலு நாளைக்குத்தான் இருக்கு, வர்றப்போ வாங்கிட்டு வாடான்னா.

எச்.எல்.ஏ பி27 கதை அடுத்த பதிவுல, ஆபீஸ்ல ஆணி கொறைஞ்சா.